புகார் பெட்டி சாவி யார்கிட்ட?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துல (கேஸ்ல மாட்டுன சிறுவர்களை விசாரணை முடியற வரைக்கும் வச்சிருக்கற அரசு இல்லம்) 2022 டிசம்பர் 31ம் தேதி 17 வயசுப் பையன் இறந்துபோனது உங்க வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். பேட்டரி திருடுனான்னு புடிச்சிட்டுப் போன பையன். மொதல்ல உடம்புக்கு முடியலன்னுதான் சொன்னாங்க, அப்புறம் அடிச்சதுல செத்தான்னு கேஸ் ஆகி சூப்பிரண்ட் உட்பட 6 ஊழியர்கள் கைதானாங்க. பொணமா வெளிய வந்ததால விசாரணை நடந்துச்சு. உசுரோட உள்ள இருக்கற பையன் "சார் அடிக்கிறார்"னு சொன்னா என்ன நடக்கும்? அதைப் பத்திதான் இந்த லெட்டர்.

நான் ரிட்டயர்டு ஹாஸ்டல் வார்டன். அது சாதாரண மாணவர் விடுதி, கூர்நோக்கு இல்லம் இல்ல, ஆனா புகார் பெட்டி அங்கயும் உண்டு. சாவி என் மேசை டிராயர்ல கிடந்துச்சு. என்னைப் பத்தி எவனாவது எழுதிப் போட்டா அதை மொதல்ல படிக்கறது நான்தான்! அத்தனை வருஷத்துல என் மேல ஒரு புகார் கூட வரலன்னு பெருமையா வேற சொல்லிட்டுத் திரிஞ்சேன், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

சிறார் நீதிச் சட்டத்தோட விதிமுறைப்படி இந்த இல்லங்கள்ல பெட்டி ஆபீஸ் பக்கம் இருக்கக் கூடாது, பசங்க படுக்கற இடத்துக்குப் பக்கத்துல இருக்கணும், சாவி சூப்பிரண்ட்கிட்ட இருக்கக் கூடாது, வாராவாரம் பசங்க முன்னாடியே திறக்கணும். சிறுவர்களோட கேஸை விசாரிக்கற இளைஞர் நீதிக் குழுமம் மாசம் ஒரு தடவையாவது நேர்ல போய்ப் பாக்கணும். எல்லாம் எழுத்துல சரியா இருக்கு. இதுல ஒரு வேடிக்கை, அதே சட்டத்தோட 82வது பிரிவுப்படி பையனை மொத தடவை அடிச்சவருக்கு 10,000 ரூபா அபராதம், ஆனா விசாரணைக்கு ஒத்துழைக்காத நிர்வாகிக்குக் கொறஞ்சது 3 வருஷம் ஜெயில். அடியை விட மூடி மறைக்கறதுதான் பெரிய தப்புன்னு சட்டம் எழுதுனவங்களுக்கே தெரிஞ்சிருக்கு போல.

துறை விசாரணை எப்படி நடக்கும்னு சர்வீஸ்ல இருந்த எனக்குத் தெரியும். அதே துறையில இருந்து ஒரு ஆபீசர் வருவார், நம்ம ரூம்லயே ஒக்காந்து நம்ம டீயக் குடிச்சிக்கிட்டே பையனைக் கூப்பிட்டு "யாருப்பா அடிச்சது"ன்னு கேப்பார், அவன் வாசல்ல நிக்கற ஆளைப் பாத்துட்டு "வழுக்கி விழுந்தேன் சார்"னுவான், ஏன்னா ராத்திரி சோறு போடப் போறது அந்த ஆள்தான். மிஞ்சிப் போனா ஒரு 17(ஏ) மெமோ (சின்னத் தண்டனைக்கான நோட்டீஸ்), இல்ல வேற ஊருக்கு டிரான்ஸ்பர். டிரான்ஸ்பர் ஆன ஊர்லயும் பசங்கதானே இருக்காங்க.

செங்கல்பட்டு சம்பவத்துக்கு அப்புறம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு கமிட்டி போட்டு, 2023 நவம்பர்ல அறிக்கையும் வந்துச்சு, இந்த இல்லங்களுக்குத் தனித் துறையே வேணும்னு அதுல சொல்லியிருந்தாங்க. நல்லதுதான், ஆனா தனித் துறை வந்தாலும் அந்தத் துறை ஆளே தன் ஆளை விசாரிச்சா பழைய கதைதான். புகார் வந்த அன்னைக்கே சம்பந்தப்பட்ட ஊழியரை டூட்டியில இருந்து நிறுத்துங்க (பையனை வேற இல்லத்துக்கு மாத்தாதீங்க, அது அவனுக்குத் தண்டனை). கேமரா பதிவை அன்னைக்கே எடுங்க, வெளி டாக்டர்கிட்ட காட்டுங்க, வாக்குமூலத்தை அந்தக் காம்பவுண்டுக்கு வெளிய வாங்குங்க.

உங்க நிருபர் யாராவது அடுத்த தடவை ஏதாவது ஒரு இல்லத்துக்குப் போனா, பெட்டி எங்க மாட்டியிருக்கு, பூட்டு துருப்பிடிச்சிருக்கா, சாவி யார்கிட்டன்னு மட்டும் கேட்டு எழுதச் சொல்லுங்க ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளர்,
விழுப்புரம் மாவட்டம்