‘டெல்’ என்றால் முதலில் எண்ணு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் மாணவர் பக்கத்தில், சொல்லுதலைக் குறிக்கும் ‘டெல்’ (tell) என்ற ஆங்கிலச் சொல் ‘டெலி’யிலிருந்து பிறந்தது, அந்த ‘டெலி’ நம் ‘தொலை’யிலிருந்து போனது என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைக்கும் பக்கம் அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டெலிபோனில் வரும் ‘டெலி’ கிரேக்கச் சொல். தொலைவு என்று பொருள். ‘டெல்’ வேறு குடும்பம். டெலிபோன் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பழைய ஆங்கிலத்தில் ‘டெல்லன்’ என்று வழங்கிய சொல் அது. எண்ணுதல், கணக்கிடுதல் என்பதே அதன் அடிப்பொருள். ஒன்று, இரண்டு என்று வரிசை தப்பாமல் எண்ணுவதுபோல, நடந்ததை வரிசையாக எடுத்துச் சொல்வதும் அதற்குள் வந்து சேர்ந்தது. கதையைக் குறிக்கும் ‘டேல்’ இதன் உடன்பிறப்பு. பேச்சைக் குறிக்கும் ‘டாக்’கும் (talk) இந்த வீட்டுப் பிள்ளைதான்.

பழைய பொருள் இன்னும் சாகவில்லை. நம் புதுச்சேரி நேரு வீதியில் ஏதாவது ஒரு ஏ.டி.எம்.முக்குள் போய் ரகசிய எண்ணை அழுத்துங்கள். பணம் வெளியே வருமுன் உள்ளே நோட்டுகள் படபடவென்று எண்ணப்படும் சத்தம் கேட்கும். ஏ.டி.எம். என்பதன் நடுவிலுள்ள ‘டி’, ‘டெல்லர்’. சொல்பவர் அல்ல, எண்ணுபவர். லண்டன் நாடாளுமன்றத்தில் வாக்குகளை எண்ணும் உறுப்பினர்களுக்கும் ‘டெல்லர்’ என்றே பெயர். ‘அன்டோல்ட் வெல்த்’ என்றால் எண்ணி மாளாத செல்வம். சொல்லப்படாத செல்வம் என்று எழுதினால் தப்பு. சம்பா கோயில் தேவாலயத்தில் ஜெபமாலையின் மணிகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிக்கொண்டு செபிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் அதுவும் மணிகளை ‘டெல்’ செய்வதுதான். 1611இல் அச்சான ஆங்கில விவிலியத்தின் ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில், ஆபிராமை நட்சத்திரங்களை எண்ணச் சொல்லும் இடத்தில் நிற்பதும் இதே ‘டெல்’.

பிரெஞ்சு படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது இன்னும் எளிது. எண்ணுவதற்கு ‘கோந்த்தே’, கதை சொல்வதற்கும் ‘கோந்த்தே’. எழுத்து மட்டுமே வேறு, உச்சரிப்பு ஒன்று. இரண்டும் ஒரே லத்தீன் சொல்லின் மக்கள். ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனில் எண்ணுவது ‘ட்ஸேலன்’, கதை சொல்வது ‘எர்ட்ஸேலன்’. தமிழில் எண்ணிக்கையும் எண்ணமும் ‘எண்’ என்ற ஒரே வேரில் நிற்பது நமக்குத் தெரியும். எண்ணுகிற செயல் மனத்துக்கும் வாய்க்கும் நகர்வது பல மொழிகளில் நடந்திருக்கிறது.

அப்படியானால் ‘தொலை – டெலி’ ஏன் கூடாது? வேர் தேடுபவர் மூன்றைப் பார்க்க வேண்டும்: சொல்லின் மிகப் பழைய வடிவம், உறவுமொழிகளில் அதன் வடிவம், அதே ஒலிமாற்றம் வேறு சொற்களிலும் நடந்திருக்கிறதா என்பது. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் ‘ட’ ஜெர்மனில் ‘ட்ஸ’ ஆகும். பத்து: டென் – ட்ஸேன். பல்: டூத் – ட்ஸான். நாக்கு: டங் – ட்ஸுங்க. இந்த வரிசையில் ‘டெல் – ட்ஸேலன்’ தானாக வந்து உட்காருகிறது. ‘தொலை – டெலி’க்கு இப்படி ஒரு வரிசை கிடையாது, ஒற்றை ஜோடிதான் இருக்கிறது. பெரிய மார்க்கெட்டில் மீனைக் கூறு போட்டு விற்கிறார்கள், செய்தியையும் கூறுகிறோம். ஒலி ஒன்று என்பதற்காக இரண்டுக்கும் வேர் ஒன்று என்று முடிவு கட்டுவோமா? தமிழின் தொன்மைக்குத் தொல்காப்பியம் சாட்சி நிற்கிறது. ஒலிப்பொருத்தம் வந்து முட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

மாணவர் பக்கத்துக்கு உண்மையில் வேண்டியது பயன்பாடு. ‘என்னிடம் சொன்னான்’ என்பதிலுள்ள ‘இடம்’ நாக்கில் நிற்பதால், நம் பிள்ளைகள் ‘ஹி டோல்ட் டு மீ’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘டெல்’லுக்குப் பின் ஆள் நேரடியாக வர வேண்டும்: ‘ஹி டோல்ட் மீ’. சொல்வதைக் குறிக்கும் இன்னொரு சொல்லான ‘சே’ (say) நேர்மாறு. ஆளைக் குறிப்பிட்டால் அங்கே ‘டு’ கட்டாயம்: ‘ஹி செட் டு மீ’. உண்மை, பொய், கதை, நேரம் ஆகியவற்றுக்கு ‘டெல்’ ஆள் இல்லாமலும் வரும். ‘சே எ ஸ்டோரி’ என்று பல விடைத்தாள்களில் இருக்கிறது, அது பிழை.

‘டெல்’ ஏன் ‘டோல்ட்’ ஆகிறது என்றும் பிள்ளைகள் கேட்பார்கள். சொல்லின் மூல உயிர் ‘அ’. மிகப் பழைய காலத்தில் நிகழ்கால வடிவில் அதன் பின்னால் ஒரு ‘ய’கரம் இருந்தது; அது ‘அ’வை ‘எ’ ஆக்கிவிட்டது. இறந்தகாலத்தில் அந்த ‘ய’ இல்லை. அங்கே தப்பிய ‘அ’தான் பிறகு ‘ஓ’ ஆனது. விற்பதைக் குறிக்கும் ‘செல் – சோல்ட்’ நடந்ததும் இதே வழியில்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் ‘டெல்ட்’, ‘செல்ட்’ என்று எழுதும் பிழை குறையும்.

அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தத்தையும் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மொழி ஆசிரியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.