பதினெட்டாவது மாடிக்கு வரப்போகும் சங்கரனுக்கு

நங்கநல்லூர்,
சென்னை.

அன்புள்ள சங்கரன்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கரை ஓரம் கட்டிவிட்டாய் என்று படித்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி இந்த வருடம் பத்தாம் வகுப்பு, அதனால் வீட்டில் யாருக்கும் டிவி கிடையாது.

பொங்கல் கழித்து ஓ.எம்.ஆரில் மகனோடு வந்து இருக்கப் போகிறாய். வீடு பதினெட்டாவது மாடி. படி ஏற முழங்கால் விடாது, லிஃப்டில் ஏற மனசு விடாது என்கிறாய். லிஃப்ட் வேலையிலேயே தலை நரைத்தவனிடம்தான் கேட்டிருக்கிறாய், அதனால் நீளமாகவே எழுதுவேன். பொறுத்துக்கொள்.

கயிறு அறுந்து விழுமோ என்ற பயத்தை முதலில் விடு. பெட்டியைப் பல எஃகுக் கயிறுகள் சேர்ந்து தாங்குகின்றன. ஒன்றே மிஞ்சினாலும் தாங்கும். எல்லாமே போய் வேகம் மீறினால், கவர்னர் என்ற கருவி அதை உணர்ந்து பிரேக்கை உசுப்பிவிடும், பெட்டியோடு இருக்கும் பிடிகள் இருபக்கத் தண்டவாளங்களையும் கவ்விக்கொள்ளும். இந்தப் பாதுகாப்புப் பிடியைக் கண்டுபிடித்த எலிஷா ஓடிஸ் 1854இல் நியூயார்க் கண்காட்சியில், கயிற்றால் உயரே தூக்கிய லிஃப்ட் மேடைமேல் நின்றுகொண்டு, கூட்டத்தின் எதிரிலேயே கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. 1857இல் அதே ஊரில் ஒரு கடையில் பயணிகள் லிஃப்ட் வந்தது. பாதி பொறியியல், பாதி கூத்து. பாதுகாப்பு இருந்தால் மட்டும் போதாது, இருப்பது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும் என்று அந்த மனுஷனுக்குப் புரிந்திருந்தது.

நம் காலத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கொலாப்சிபிள் கேட்டை இழுத்து மூடுவாரே லிஃப்ட்மேன், ஞாபகம் இருக்கிறதா? என்னைக் கேட்டால், பயத்தைக் குறைக்க இதுவரை வந்ததிலேயே சிறந்த ஏற்பாடு அவர்தான். அந்தப் பெட்டிகள் கடகடவென்று ஆடும், மாடிக்குச் சரியாக நிற்காது. இருந்தும் நாம் பயந்ததில்லை, கூட ஒரு ஆள் இருந்தார். அமெரிக்காவிலும் இதே கதைதான். ஆளில்லாமல் ஓடும் லிஃப்ட் எப்போதோ வந்துவிட்டது, ஜனங்கள்தான் ஏறத் தயங்கினார்கள். 1945இல் நியூயார்க் லிஃப்ட் ஆபரேட்டர்கள் வேலைநிறுத்தம் செய்து ஊரையே நிறுத்திய பிறகுதான், கட்டட முதலாளிகள் ஆளில்லா லிஃப்டுக்கு மும்முரமாக மாறினார்கள். சிவப்பு ஸ்டாப் பட்டன், டெலிபோன், இதமாகப் பேசும் குரல் எல்லாம் லிஃப்ட்மேன் விட்டுப்போன இடத்தை நிரப்ப வந்தவை.

எங்கள் குடியிருப்பில் பழைய லிஃப்டை மாற்றப் போகிறோம். சங்கக் கூட்டத்தில் ஒருவர் தங்க நிற ஸ்டீல் கேட்கிறார், இன்னொருவர் சுற்றிலும் முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டும் என்கிறார். ஒரு பக்கம் கண்ணாடி நல்லதுதான். பெட்டி பெரிதாகத் தெரியும், சக்கர நாற்காலியில் வருபவர் பின்னால் பார்த்தே வெளியே வரலாம். எதிரெதிரே இரண்டு வைத்தால் நம் வழுக்கைத் தலை வரிசையாக முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்கும், அதைக் காலங்காத்தாலே யார் பார்ப்பது? நான் கேட்டது வேறு. கரண்ட் போனால் லிஃப்ட் விழாது. மின்சாரம் இருந்தால்தான் பிரேக் விடுபடும், போனால் ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஏ.ஆர்.டி. என்ற தானியங்கி மீட்புக் கருவி இருந்தால், லிஃப்ட் பேட்டரியில் பக்கத்து மாடிக்குப் போய்க் கதவைத் திறந்துவிடும். ஆனால் அதற்கு முன் சில விநாடிகள் இருட்டு, ஃபேனும் நின்றுவிடும். அப்போதுதான் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். காற்று தீர்ந்துவிடாது. பெட்டியில் மேலும் கீழும் காற்றுத் துளைகள் உண்டு. ஆனாலும் உள்ளே நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்? அதனால் உடனே எரியும் எமர்ஜென்சி விளக்கு வேண்டும், "கரண்ட் போயிருக்கிறது, பக்கத்து மாடிக்குப் போகிறோம்" என்று தமிழில் சொல்லும் குரல் வேண்டும், பட்டனை அழுத்தினால் மறுமுனையில் பதில் பேச ஆள் வேண்டும் என்றேன். இப்போதுள்ள அலாரம் வெளியே அடிக்கிறது. யாராவது கேட்டார்களா என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரிவதே இல்லை. தங்க ஸ்டீல் கட்சிக்கு இன்னும் கோபம்.

வேகத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். சீராக ஓடும் வேகம் உடம்புக்குத் தெரியாது, வெடுக்கென்று கிளம்புவதும் நிற்பதும்தான் தெரியும். தைபே 101இல் ஐந்தாம் மாடியிலிருந்து எண்பத்தொன்பதுக்கு 37 விநாடியில் போய்விடுகிறார்கள். காது அடைக்காமல் இருக்க உள்ளே காற்றழுத்தத்தையும் சரிசெய்கிறார்கள். வெளியே தெரியும் கண்ணாடி லிஃப்ட் உனக்கு ஒத்துவருமா என்பது வேறு கேள்வி. அடைபட்ட இடம் பயமென்றால் அதில் நிம்மதி, உயரம் பயமென்றால் அதில் ஏறவே ஏறாதே.

மகனிடம் சில விஷயம் கேட்டு வை. ஏ.ஆர்.டி. வேலை செய்கிறதா? ராத்திரி இரண்டு மணிக்கு இண்டர்காமை யார் எடுப்பார்? மழை வெள்ளத்தில் லிஃப்டை என்ன செய்வார்கள்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஊரெல்லாம் தண்ணீர், கரண்டும் இல்லை. கீழே குழியில் தண்ணீர் ஏறும் முன்பே பெட்டியை மேல் மாடிக்கு அனுப்பி ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். அப்புறம், எப்போதாவது பாதியில் நின்றால் கதவை நெம்பித் திறந்து குதிக்க மட்டும் பார்க்காதே. பெட்டிக்குள் இருக்கும்வரை ஆபத்து குறைவு, வெளியேறும் அவசரத்தில்தான் உயிர் போகிறது.

நீ வந்திறங்கும் அன்று நான் அங்கே வருகிறேன், முதல் சில தடவை சேர்ந்தே ஏறி இறங்குவோம். வரும்போது உடன்குடி கருப்பட்டி கொண்டு வா. இங்கே கிடைப்பதில் பாதி சர்க்கரை.

அன்புடன்,
ராமு