இதய நோய்க் கணக்கில் எங்கள் அப்பச்சியும் இருக்கிறார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு மலர்க் கட்டுரையில் "கொரோனா காலத்திலும் கொரோனாவை விட இதய நோயில் இறந்தவர்களே அதிகம், வீணாகப் பயந்தோம்" என்று ஒரு வரி படித்தேன். அந்த இதய நோய்க் கணக்கில்தான் எங்கள் அப்பச்சியையும், அதாவது என் அப்பாவையும் சேர்த்திருக்கிறார்கள்.

2021 மே மாதம். காபியில் டிகாஷன் வாசமே இல்லையே என்று ஆத்தாவிடம் கோபித்துக்கொண்டார், அப்புறம் காய்ச்சல், மூச்சுத்திணறல். ஸ்கேனில் இரண்டு நுரையீரலும் வெள்ளையாக இருந்தது, ஆனால் பரிசோதனையில் நெகட்டிவ். அவர் போனதும் 'இதயச் செயலிழப்பு, சர்க்கரை நோய்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இதய நோய் என்றால் எதற்காக உடலைப் பையில் கட்டிக் கொடுத்தார்கள்? வீட்டு வளவில் வைத்துப் பங்காளிகள் கூடிச் செய்ய வேண்டிய எதையும் செய்யவில்லை, ஆத்தா முகம்கூடப் பார்க்கவில்லை. பிறகு 50,000 ரூபாய் நிவாரணத்துக்கு மனுப் போட்டால், பாசிட்டிவ் சீட்டு எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பணம் போகட்டும், இல்லாத நோயில் செத்தார் என்று எழுதி வைத்திருப்பதுதான் பொறுக்கவில்லை.

இதயம் நின்றது, மூச்சு நின்றது என்பதையே காரணமாக எழுதாதீர்கள், சர்க்கரை போன்ற உடன் இருந்த நோயை மூல காரணமாகப் போடாதீர்கள், நெகட்டிவ் வந்தாலும் அறிகுறி இருந்தால் யு07.2 என்ற குறியீட்டில், அறிகுறிகளை வைத்துக் கண்டறிந்த கொரோனா என்று பதியுங்கள் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-லேயே டாக்டர்களுக்குச் சொல்லியிருந்தது. உங்களுக்குத் தெரியாததா? 2020-ல் நாட்டில் பதிவான மரணங்களில் மருத்துவச் சான்றோடு காரணம் எழுதப்பட்டவையே 22.5 சதவீதம்தான், அதற்குள் இதய நோய் உட்பட ரத்த ஓட்ட மண்டல நோய்கள் 32.1 சதவீதம், கொரோனா 8.9 சதவீதம். மீதி முக்கால்வாசிப் பேர் எதனால் போனார்கள் என்று எந்த டாக்டரும் எழுதவில்லை. இதை வைத்துக்கொண்டு எது பெரிது எது சிறிது என்று எப்படி ஒப்பிடுகிறீர்கள்?

2020, 2021 இரண்டு வருடத்துக்கும் சேர்த்து அரசு சொன்ன கொரோனா மரணம் 5 லட்சத்துக்கும் கீழே, உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்ட கூடுதல் மரணம், அதாவது வழக்கமாக எதிர்பார்ப்பதற்கு மேல் நிகழ்ந்த மரணம், 47 லட்சம். அந்த மதிப்பீட்டை அரசு ஏற்கவில்லை, சரி. ஆனால் அந்த மே மாதம் உங்கள் பத்திரிகையிலேயே கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வந்தனவே, அதைக்கூடவா மறந்துவிட்டீர்கள்? டெங்கு சமயத்திலும் இப்படித்தான், எங்கள் பக்கம் பிள்ளைகள் போனபோது வெறும் மர்மக் காய்ச்சல் என்று போட்டு முடித்தீர்கள். அப்போது எழுதிய கடிதத்தையும் நீங்கள் வெளியிடவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சிவகங்கை மாவட்டத்தில் 2018 முதல் 2021 வரை மாதாமாதம் பதிவான மொத்த மரணங்களை, காரணம் எதுவும் பார்க்காமல், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அட்டவணையாகப் போடுங்கள். அந்த வரிக்கு ஒரு திருத்தமும் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பள்ளத்தூர்.