அட்டன் கணினிச் சங்கம்: 2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கலும் வாணி விழாவும் வழமைபோல் நடந்தன. சாதாரண தரப் பிள்ளைகளுக்கான ஞாயிறு வகுப்பு தொடர்ந்தது. டித்வா புயலில் பாதைகள் மண்சரிவால் அடைபட்டதால் டிசம்பர்க் கூட்டம் நடக்கவில்லை.

இந்த ஆண்டின் பெரிய வேலை இன்ஸ்டால் சேர்வர், அதாவது மற்றக் கணினிகளில் இயங்குதளத்தை நெட்வேர்க் வழியாகத் தானாக நிறுவித்தரும் கணினி. "விண்டோஸ் போட்டால் போதாதா?" என்று சென்ற கூட்டத்தில் கேட்டார்கள். பதில் சொல்வது என் கடமை. நமக்கு நன்கொடையாக வந்தவை பழைய கணினிகள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இவற்றில் இல்லை. அதனால்தான் யுனிக்ஸ் வழிவந்த, இலவசமான ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தை எடுத்தோம்.

ஒவ்வொரு கணினியிலும் யூஎஸ்பியைச் செருகி, பெயர், கடவுச்சொல், டிஸ்க் என்று அதே கேள்விகளுக்குப் பதில் தட்டிக்கொண்டிருக்க முடியாது. முழுத் தொகுப்பு ஏறக்குறைய 700 எம்பி. டொங்கிள் டேட்டாவில் அதை ஒரு தரம் இறக்கினால் போதும் என்பதே இந்தச் சேர்வரின் பயன். நெட்வேர்க்கில் பூட் ஆகும் கணினி முகவரி கேட்கும். சேர்வரில் உள்ள டிஎச்சிபி என்ற சேவை முகவரியோடு, பூட் ஆகத் தேவையான கோப்பின் பெயரையும் கொடுக்கும். கோப்புகளை அனுப்பும் டிஎஃப்டிபி வழியாக, பூட்டைத் தொடக்கும் பிஎக்ஸ்இபூட்டும் நிறுவலை நடத்தும் கேர்னலும் வரும். அப்புறம் நாம் எழுதிவைத்த பதில் கோப்பை அதுவே, இணையப் பக்கங்கள் வரும் எச்டிடிபி வழியில் படித்துக்கொள்ளும். இந்த மூன்று சேவைகளும் ஓபன்பிஎஸ்டியின் அடிப்படைத் தொகுப்பிலேயே இருக்கின்றன. தமிழ் எழுத்துருக்களை, நாமே சேர்க்கும் கோப்புகளுக்கான சைட் தொகுப்பில் வைத்திருக்கிறேன், அது கடைசியாக விரியும். புயலுக்குப் பிறகு கரண்ட் வந்தும் சிக்னல் வராத நாட்களில்கூட நிறுவும் வேலை நிற்கவில்லை.

ஒன்றை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். சேர்வரையும் கணினிகளையும் கேபிளால் இணைக்கும் சுவிட்சில் ரவுட்டரைச் செருகக் கூடாது. ரவுட்டரும் முகவரி கொடுக்கும், முகவரி கொடுக்க இரண்டு பேர் இருந்தால் குழப்பம்தான். சொந்த லப்டொப்பையும் செருகாதீர்கள். அது தப்பித்தவறி நெட்வேர்க்கில் பூட் ஆனால், யாரையும் கேட்காமல் டிஸ்க்கை அழித்து நிறுவிவிடும்.

சேர்வர் வேலையைக் கற்றுக்கொள்ளப் பெயர் கொடுத்த பலர் வரவில்லை. தோட்ட வேலைக்குப் போகிறவர்களையும் கொழும்புக்குப் போனவர்களையும் நான் குறை சொல்லவில்லை. டவுனிலேயே இருப்பவர்கள் ஒரு ஞாயிறாவது வந்திருக்கலாம். சந்தாவும் அப்படித்தான். நினைவூட்டியபோதெல்லாம் "அடுத்த மாசம்" என்றவர்களின் நிலுவை இன்னும் அப்படியே இருக்கிறது. தோட்டத்துத் தாய்மார் சிலர் சம்பளத்தன்று தேடிவந்து கட்டிவிட்டுப் போனார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வரவும் செலவும் ஓரளவு சமமாகவே முடிந்தன. பற்றுச்சீட்டுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, விரும்பியவர்கள் பார்க்கலாம். இடம் தந்த வாசிகசாலைக்கும், சுவிட்சும் கேபிளும் தந்த அன்பருக்கும், பொருளாளருக்கும், வகுப்பெடுத்த ஆசிரியர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். ஓபன்பிஎஸ்டி ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளியிடும். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஓராண்டுதான் ஆதரவு. ஒக்டோபரில் வந்த 7.8ஐ ஏற்றியாயிற்று. அடுத்தது வரும்போது யாராவது இறக்கி, கோப்புகள் அசலானவையா என்று டிஜிட்டல் கையொப்பம் சரிபார்த்து, பதில் கோப்பையும் பார்த்துவைக்க வேண்டும். இதுவரை அது என் ஒருவன் தலையில்தான் இருக்கிறது. எனக்கு இடமாற்றம் வந்தால் சேர்வரைத் தொட ஆளில்லை. யூபிஎஸ் மின்கலமும் பலவீனமாகிவிட்டது. நிலுவைச் சந்தாவில் பாதி வந்தாலே புதிது வாங்கிவிடலாம். இரண்டு பேர் முன்வந்தால் ஞாயிறு வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்து சொல்லித்தர நான் தயார். பெயர்களை இன்றைய கூட்டத்திலேயே தந்துவிடுங்கள்.

செயலாளர்