செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: இறந்தவர் குரலும் நம் திரைக்கதையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திரத் திரையிடல்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சென்ற பொதுக்குழு ஒப்படைத்த முழுநீளத் திரைக்கதை எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம், இதுதான். 2041ஆம் ஆண்டு. டெல்டா கிராமம் ஒன்றில் பயிர்க்கடன் பாக்கியோடு ஒரு விவசாயி இறந்துபோகிறார். இறந்தவரின் குரலை நகலெடுத்துப் போனில் பேசும் கருவி ஒன்று அவர் பெயரில் ஓடுகிறது; கடன் அடையும்வரை அந்தக் குரல் கணக்கை மூட முடியாது. மூடாமல் இறப்புச் சான்றிதழ் கிடையாது; அது இல்லாமல் வாரிசுச் சான்றிதழும் இல்லை, பட்டா மாற்றமும் இல்லை. மாதம் பிறந்தால் அப்பாவே போனில் வந்து தவணை கேட்கிறார். மகள் அதை நிறுத்தத் துடிக்கிறாள். அம்மாவுக்கு அந்தக் குரல் வேண்டும்.

நம் பக்கத்தில் துக்கத்துக்கு நாள் கணக்கு உண்டு. பால் தெளிப்பு, பதினாறாம் நாள் கருமாதி, வருஷ திதி, ஆடி அமாவாசைக்குப் பூம்புகார் என்று ஒவ்வொன்றும் வீட்டாரை ஒரு படி வெளியே அழைத்துவரும். கருவி செய்யும் கொடுமை இந்தக் கணக்கைக் குலைப்பதுதான். பதினாறு வரவே வராத வீடு எப்படி இருக்கும்? படம் முழுக்க இந்தக் கேள்விதான். பறக்கும் கார், ராட்சதத் திரை எதுவும் வேண்டாம் என்று குழு ஒருமனதாக முடிவுசெய்தது.

காட்சிகளுக்கு முன்பே கருவியின் விதிகளை ஒரே தாளில் எழுதி முடித்தோம். இத்தகைய கதைகள் இரண்டாம் பாதியில் சரியக் காரணம், எழுதுகிறவருக்குத் தேவைப்படும்போதெல்லாம் கருவிக்குப் புதுச் சக்தி வந்துவிடுவது. எல்லை தெரிந்தால்தான் பார்ப்பவருக்குப் பயம் வரும். நம் விதிகள்: அவர் போனில் பேசியது மட்டுமே அதற்குத் தெரியும். தான் இறந்துவிட்டதாக அது சொல்லாது. கேட்பவரின் பதிலிலிருந்து கற்றுக்கொள்ளும். கடன் அடைந்தாலும், வாரிசுகள் அத்தனை பேரும் கைரேகை வைத்தால்தான் நிற்கும்.

குரலை நகலெடுப்பது நம்பக்கூடியதா என்று சிலர் கேட்டார்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட வால்-ஈ (VALL-E) என்ற செயற்கை நுண்ணறிவுக் குரல் மாதிரி, 3 விநாடி ஒலிப்பதிவை வைத்தே ஒருவர் குரலைப் போலச் செய்து காட்டியது. சட்டப் பக்கமும் கதைக்கு உதவுகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இறந்தபின் தன் தரவு உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமித்துவைக்க இடம் தருகிறது. கதையில் வரும் எதிர்காலச் சட்டம் இதையே திரித்து, கடன் கொடுத்தவரையும் நியமிக்கலாம் என்கிறது. கடன் மனுவோடு நீட்டிய தாள்களில் அப்பா அதற்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

எந்தக் குரல் கிடைத்தது என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. அவர் போன் பேசியதெல்லாம் போர்செட் பக்கத்தில் நின்று, மோட்டார் சத்தத்தை மீறிக் கத்தித்தான். கருவிக்குக் கிடைத்தது அந்தக் கத்தல் மட்டுமே. ஆகவே நடுராத்திரியில் அம்மாவின் தலையணை ஓரத்தில், "சாப்பிட்டியா?" என்பதைக்கூட அது வயலுக்கு அந்தப் பக்கம் கூப்பிடுவதுபோல் கேட்கிறது, பின்னால் மோட்டார் ஓட ஓட. அவளுக்கு அந்த மோட்டார் சத்தமும் சேர்ந்துதான் அவர்.

ஒலியமைப்புக்கு ஒரு குறிப்பு. பழைய போன் அழைப்பில் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிதான் கடக்கும். அடிக்குரல் போய்விடும், ‘ஸ’ மழுங்கும். டப்பிங்கைத் தெளிவாக எடுத்துவிட்டு மிக்ஸிங்கில் இந்த எல்லைக்குள் வெட்டவேண்டும். வாக்கியங்களுக்கு நடுவே மூச்சை எடுத்துவிடவேண்டும். உயிரோடு இருக்கும் முதல் எட்டு நிமிடத்தில் மட்டும் அவர் குரல் முழுதாக, மூச்சோடு கேட்கட்டும்.

சீன் ஆர்டர், அதாவது காட்சி வரிசை, 62 காட்சிகள், 110 நிமிடம். இன்டர்வெல் 58ஆம் நிமிடத்தில். பழைய சண்டை ஒன்றுக்காகக் குரல் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறது. அவள் பூரித்துப்போகிறாள். அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை என்பது மகளுக்குத் தெரியும். அம்மா ஏங்கியதையெல்லாம் கருவி அவளிடமிருந்தே கற்றுவிட்டது.

இரண்டாம் பாதியில் வரும் ஆபத்து, போன் அழைப்புகள் ஒன்றுபோலவே இருப்பது. ஒவ்வோர் அழைப்பும் பணத்தையோ உறவையோ நாளையோ மாற்றவேண்டும். என்ன மாறுகிறது என்பதைக் காட்சி அட்டையின் மூலையில் எழுதுகிறோம். மூலை காலியாக இருந்தால் காட்சி போய்விடும். எந்த அழைப்பும் 90 விநாடியைத் தாண்டக்கூடாது.

சர்வரை உடைக்கும் உச்சக்காட்சி வேண்டாம் என்று விட்டோம். ஒன்றை உடைத்தால் நகல் வேறிடத்தில் ஓடும். அம்மா போனை மடியில் வைத்து ஒப்பாரி சொல்கிறாள். அழுகை தனக்காகத்தான் என்பது தெரியாமல், குரல் அவளைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறது. அதன்பிறகே அவள் கைரேகை வைக்கிறாள்.

படத்தின் கடைசிக் காட்சியான கருமாதிக்கு ஓடும் தண்ணீர் வேண்டும். மேட்டூர் அணை திறக்கும் மரபு நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. திறப்பு பல ஆண்டுகளில் தள்ளிப்போயிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை படப்பிடிப்பைக் கெடுக்கும். எனவே தை பிறந்ததும் கடைசிக் காட்சியையே முதலில் எடுத்துவிடுவது நல்லது. ஆறு வறண்டு கிடக்கவேண்டிய காட்சிகளைப் பங்குனி, சித்திரைக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

ஒப்பாரி பாட வருகிறவர்களுக்குக் கலைஞருக்குரிய சம்பளம் தரவேண்டும். அவர்கள் குரலை எந்தக் கருவிக்கும் பயிற்சிக்குக் கொடுக்கமாட்டோம் என்ற உறுதியை எழுத்தில், தமிழில், வாசித்துக்காட்டிக் கொடுக்கவேண்டும். இப்படிப்பட்ட கதையை எடுக்கிறவர்கள் இதில் துளியும் தவறக்கூடாது.

வரும் ஆண்டில் வசனப் பிரதியை முடித்து, எழுத்தாளர் சங்கத்தில் பதிவுசெய்துவிட்டு, லொகேஷன் பார்க்கத் தொடங்குவோம். சீன் ஆர்டர் நகல் இன்று உறுப்பினர்களுக்கு வழங்கப்படுகிறது. கருத்துகளைக் காட்சி எண் குறித்து எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்