ஒரு கையெழுத்துதானே

அன்பு மகளுக்கு,

உன் குரல் கேட்டு இருபது நாளாகிறது. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை.

கடைசியாகப் பேசியபோது, “ஒரு கையெழுத்துதானேன்னு சொல்றாங்கப்பா” என்றாய், உடனே பேச்சை மாற்றிவிட்டாய். யார் சொன்னது, எதில் கையெழுத்து என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. இரவில் கண்விழித்து வேலை பார்க்காதே. எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

நீ மாலத்தீவுக்குப் போகிறேன் என்றபோது, அந்தச் சின்ன நாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டவன் நான். நீதான் எனக்குப் பாடம் எடுத்தாய். அரிசியிலிருந்து டீசல் வரை கப்பலில்தான் வர வேண்டும், அதற்கு டாலர் வேண்டும், அந்த டாலருக்குச் சுற்றுலாவை விட்டால் சூரை மீன்தான் என்றாய். தோணியின் பின்பக்கம் வரிசையாக நின்று, உயிருள்ள சின்ன மீன்களைக் கடலில் வீசி, தண்ணீரைப் பீய்ச்சி, எதிர்முள் இல்லாத தூண்டிலால் ஒவ்வொரு சூரையாகத் தூக்கிப் போடுவார்கள் என்று நீ கையை ஆட்டி ஆட்டிக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. சூரைக்கு அங்கே வலையே போடக்கூடாது என்பதை இப்போது நான் எல்லோரிடமும் சொல்கிறேன். என் மகள் அந்த மீன் கடந்து வந்த வழியைச் சரிபார்க்கிறாள் என்றும் சேர்த்துச் சொல்கிறேன்.

நீ அனுப்பியதையெல்லாம் படித்தேன். 2011-ல் அந்த நாடு மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலை விட்டு வெளியே வந்தது. 2013 முடிந்ததும் ஐரோப்பிய வரிச் சலுகை போயிற்று, டப்பா சூரைக்கு 24 சதவீத வரி விழுந்தது. இன்னொரு தீவு நாடான சேஷெல்ஸின் டப்பா சூரை அதே சந்தைக்கு வரியில்லாமல் போகிறது. முன்னேறியதற்கு அபராதமா என்று எனக்குக் கோபம் வந்தது. பசிபிக்கில் 8 நாடுகள் ஒன்றாக நின்று, மீன்பிடி நாட்களுக்கு உச்சவரம்பு வைத்து, வெளிநாட்டுக் கப்பல்களிடம் ஒரு நாளுக்குக் குறைந்தது 8,000 டாலர் கேட்கின்றன என்று படித்தபோதுதான் மனசு ஆறியது. மீன் மிஞ்சும், பணமும் வரும்.

ஆனால் வரி கட்டியும் விற்றாக வேண்டிய தோணிக்காரனிடம் வேறென்ன இருக்கிறது? தூண்டில் மீன் என்ற பெயர் ஒன்றுதான். 2012-ல், கடல்வளம் கெடாமல் பிடித்த மீன் என்று காட்டும் எம்.எஸ்.சி. சான்றிதழ் கிடைத்ததும் அதனால்தானே. தூரத்தில் வாங்குபவருக்குக் கடல் தெரியாது, தோணி தெரியாது, தாள்தான் தெரியும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. நீ சின்னப் பிள்ளை இல்லை, தெரியும். இருந்தாலும் இருபது நாள் பேசாமல் இருப்பது சரியா?

இன்னொன்று சொல்ல வேண்டும். எழுதவா வேண்டாமா என்று இந்தத் தாளை இரண்டு முறை மடித்து வைத்துவிட்டேன்.

நான் கம்பெனியை விட்டது முதுகுவலியால் என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். நீ பள்ளி முடித்த வருஷம், சரக்கு ஏற்றும் இரவு, தாளில் தூண்டில் மீன் என்று இருந்தது. நான் திறந்த பெட்டிகளில் மீன் தோல் முழுக்க வலை அறுத்த தடம். மேலே இருந்தவர், “ஒரு கையெழுத்துதானே” என்றார். போட்டேன். ஒரு முறை அல்ல, அந்தப் பருவம் முழுக்க. உன் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும், அதனால் போட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பணத்துக்கு வேறு வழி இருந்தது, உன் மாமா தருவதாகத்தான் சொன்னார். எனக்குப் பயம், அவ்வளவுதான். நாள் முழுக்க வெயிலில் நின்று தூண்டில் போட்டவனுக்குச் சேர வேண்டிய விலையை வலைக்காரனுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

நீ அந்த வார்த்தையைச் சொன்ன அன்று போனை வைத்த பிறகு எனக்குக் கை நடுங்கியது.

நீ மாட்டேன் என்று சொல்லி வேலை போயிருந்தால் எழுது. போட்டுவிட்டிருந்தாலும் எழுது, என்னிடம் மறைக்காதே. திருத்திச் சொல்ல இன்னும் நேரம் இருக்கலாம், நான்தான் அதைத் தேடாமல் போனேன்.

இது அம்மாவுக்குத் தெரியாது. நீ சொல்லாதே, நானே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா