அடுப்பை மாற்ற வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்பாசமுத்திரத்தில் எல்லாரும் சுகம். மாப்பிள்ளையையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

அடுப்பு மஞ்சளாக எரிகிறது, குக்கர் அடியெல்லாம் கரி பிடிக்கிறது, பார்க்க வந்தவர் புது அடுப்பு வாங்கச் சொல்லிவிட்டார் என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். உன் கல்யாணத்துக்கு நம்ம அடுப்புக் கடையிலேயே பார்த்துப் பார்த்து, கனமான பித்தளை பர்னர் போட்டுக் கொடுத்த அடுப்பு அது. மஞ்சள் தீக்காக அதை மாற்ற வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீயே சரிசெய்துவிடலாம். போனில் சொன்னால் பாதி சொல்வதற்குள் பிள்ளை அழுதுவிடுகிறான். அதனால்தான் எழுதுகிறேன், அடுப்படியில் வைத்துப் பார்த்துக்கொள்.

முதலில் ஒன்றை மனசில் வாங்கிக்கொள். தீ எரிகிற பக்கம், அதாவது பர்னர், அதன் மூடி, கீழே காற்று இழுக்கிற குழாய், இதெல்லாம் நீ தாராளமாகக் கைவைக்கலாம். கேஸ் அடைபட்டு நிற்கிற பக்கம், அதாவது ரெகுலேட்டர், டியூப், நாபுக்குள் இருக்கும் வால்வு, இதில் எதையும் பிரிக்காதே. மாப்பிள்ளையையும் பிரிக்க விடாதே. அங்கே பழுது என்றால் புதுசு மாற்றவேண்டும், இல்லையென்றால் தெரிந்த ஆளைக் கூப்பிடவேண்டும். இத்தனை வருஷத் தொழிலில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் இது.

இனி மஞ்சள் தீ. ஜெட் என்கிற சின்னப் பித்தளைத் துண்டின் ஊசித் துளையிலிருந்து கேஸ் வேகமாகப் பீறிடும்போது, பக்கத்து ஓட்டை வழியாக வெளிக்காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகும். இரண்டும் கலந்து மேலே வந்து எரிந்தால் நீலம். காற்று போதவில்லையென்றால் கேஸ் முழுசாக எரியாமல் மஞ்சளாகும், கரி விழும். கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு வாடையே கிடையாது. ஆகையால் சரிசெய்கிற வரைக்கும் அடுப்படி ஜன்னலைத் திறந்தே வை. ஹாலில் ஏசி ஓடுகிறது என்று சாத்திவிடாதே.

காற்று ஏன் போதவில்லை? நீ மே மாதம் முழுக்க இங்கே இருந்தாய். திரும்பிப் போன வாரமே அடுப்பு இப்படி ஆகிவிட்டது என்றாய். எனக்கு உடனே தோன்றியது சிலந்திதான், எரியாமல் கிடக்கிற குழாய்க்குள் கூடு கட்டிவிடும். பம்பாயிலும் திருப்பூரிலும் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் கோயில் கொடைக்கு வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் கடைக்குத் தூக்கிவருவது இந்த அடுப்பைத்தான். குழாயைத் தட்டினால் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒரு உருண்டை விழும். அவ்வளவுதான் பழுது. அதைத் துடைத்தெடுத்துப் பற்றவைத்தால் நீலமாக எரியும்.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். ரெகுலேட்டரை மூடு. அடுப்பு நன்றாக ஆறட்டும். பர்னர் மூடியை எடுத்துவிட்டு, கீழே உள்ள குழாயைப் பையத் தூக்கு. சில அடுப்பில் ஒரு திருகாணி பிடித்திருக்கும், அதைக் கழற்றினால் வந்துவிடும். பிள்ளைக்குப் பால் பாட்டில் கழுவுகிற பிரஷ் பழையது இருந்தால், அதை உள்ளே விட்டுச் சுழற்று. அதை மறுபடி பாட்டிலுக்கு எடுத்துவிடாதே. குழாயைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். அலுமினியமாக இருந்தால் சோடா மாவு பட்டுக் கறுத்துவிடும்.

பித்தளை மூடிக்குப் புளி போதும். வெந்நீரில் கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய். பிறகு ஒவ்வொரு துளையிலும் குண்டூசி விட்டு எடு. வாரியக்குச்சி வேண்டாம், முனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார், எல்லாத் துளையிலும் வெளிச்சம் வரவேண்டும். அப்புறம் முக்கியமானது, ஈரம் துளிகூட இல்லாமல் காயவை. ஈரத்தோடு மாட்டினால் தீ ஒரு பக்கம் எரியும், ஒரு பக்கம் எரியாது. மூடி ஆடாமல் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார். கோணலாக இருந்தால் ‘டப்’ என்று சத்தம் வந்து தீ உள்ளே இறங்கி ஜெட் வாயிலேயே எரியும். அப்படி இரைச்சலோடு உள்ளே எரிந்தால் உடனே நாபை மூடிவிடு. ஆறியபிறகு மூடியைச் சரியாக வைத்துப் பற்றவை.

உப்புப் போட்ட உலைத் தண்ணீர் பொங்கி வழிந்தாலும் கொஞ்ச நேரம் தீயில் ஆரஞ்சுப் பொறி தெரியும். அது உப்பினால் வருவது, கரி பிடிக்காது. அதற்குப் பயப்படாதே.

போன தடவை வலதுபக்கத் தீ சிறுத்துவிட்டது என்றும் சொன்னாய். இரண்டு பர்னரும் சிறுத்தால் சிலிண்டர் தீர்கிறது, டியூப் மடங்கியிருக்கிறது, அல்லது ரெகுலேட்டர் சரியில்லை. ஒன்று மட்டும் சிறுத்தால் பெரும்பாலும் அந்த ஜெட் அடைத்திருக்கும். ஆச்சியின் பம்ப் ஸ்டவ்வுக்கு ஒரு பின் இருக்கும், தகரப் பட்டையின் நுனியில் மயிரிழைக் கம்பி வைத்தது, ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதிரி மெல்லிசுதான் வேண்டும். கரண்ட் ஒயரில் இருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி, குழாயைத் தூக்கியதும் தெரிகிற ஜெட் துளையில் மெதுவாக விட்டு எடு. தையல் ஊசியைக் கொண்டுபோகாதே. பித்தளை மெதுவானது, துளை பெருத்துவிடும். பிறகு கேஸ் கூடுதலாக வந்து, எவ்வளவு துடைத்தாலும் மஞ்சளாகவே எரியும். ஜெட்டையே மாற்றவேண்டிவரும்.

இடதுபக்க நாப் இறுகிவிட்டது என்றாயே, அதற்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறாயா? விட்டிருந்தால் அந்தப் பக்கத்தைப் பற்றவைக்காதே. உள்ளே கூம்பு மாதிரி ஒரு பித்தளைக் கட்டை, கிரீஸின் பிடியில் கேஸை அடைத்துக்கொண்டு சுற்றுகிறது. எண்ணெய் அந்த கிரீஸைக் கரைத்துவிடும், கேஸ் கசியும். சூடு தாங்குகிற கிரீஸ் போட்டு மாட்டத் தெரிந்த ஆள்தான் இதைச் செய்யவேண்டும். அதைச் சரிசெய்தால்தான் ‘சிம்’மும் ஒழுங்காக நிற்கும். சொதிக்குக் கடைசியில் முதல் தேங்காய்ப்பால் ஊற்றும்போது தீ அடங்காவிட்டால் திரிந்துபோகிறது என்று நீ அம்மாவிடம் சொன்னதற்குக் காரணம் உன் கைப்பக்குவம் இல்லை, இந்த நாப்தான்.

லைட்டர் நாபில் சத்தம் வந்து பொறி வராவிட்டால் பர்னர் பக்கத்து வெள்ளைப் பீங்கான் குச்சியின் நுனியை உலர்ந்த துணியால் துடை. பீங்கான் விரிசல் விட்டிருந்தால் மாற்றவேண்டும். அதுவரை கைலைட்டரே போதும்.

கேஸ் வாடை வந்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் வேலை செய்கிற அக்காவுக்கும் சொல்லிவை. கேஸுக்குச் சொந்த வாடை கிடையாது. நமக்குத் தெரியவேண்டும் என்று மெர்காப்டன் என்கிற நாற்றமடிக்கிற பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். எந்த சுவிட்சையும் போடாதே, அணைக்கவும் செய்யாதே, மின்விசிறி உட்பட. சுவிட்சின் பொறியே போதும். அடுப்பை அணை, ரெகுலேட்டரை மூடிக் கழற்று, சிலிண்டருக்கு மூடி போடு, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திற, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வா. வெளியே நின்று 1906 என்ற எண்ணுக்குப் போன் பண்ணு. ராத்திரியிலும் எடுப்பார்கள்.

புது சிலிண்டரில் ரெகுலேட்டர் மாட்டியதும் ‘உஸ்’ என்று கேட்டால், வால்வுக்குள் இருக்கும் கறுப்பு வாஷர் போயிருக்கும். கழற்றி மூடி போட்டு, சிலிண்டரை மாற்றித்தரச் சொல். இனி சிலிண்டர் வரும்போதே கைப்பிடிப் பட்டையில் எழுதியிருப்பதைப் பார். ‘சி’ என்ற எழுத்தும் வருஷமும் இருந்தால், அந்த வருஷம் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் மறுசோதனை செய்யவேண்டும் என்று அர்த்தம். ‘ஏ’ என்றால் ஜனவரி முதல் மார்ச், இப்படியே மும்மூன்று மாதம். கெடு தாண்டியதை வாங்காதே. ஆரஞ்சு டியூபையும் பார், அதிலும் தேதி அச்சடித்திருக்கும். 5 வருஷம் ஆகிவிட்டால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடு. கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சோப்பு நுரை தடவு, குமிழி வந்தால் கசிகிறது. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறவர்களை வீட்டுக்குள்ளேயே விடாதே.

நீங்கள் பார்த்துவைத்திருக்கும் வீட்டில் குழாய் கேஸ் என்று மாப்பிள்ளை சொன்னார். அங்கே போனால் இந்த அடுப்பை அப்படியே மாட்டமுடியாது. குழாயில் வருவது வேறு கேஸ், அதற்குப் பெரிய துளை ஜெட் வேண்டும். பழைய ஜெட்டோடு மாட்டினால் தீ சோனியாக எரியும். இணைப்புக் கொடுக்க வருகிறவர்களிடம் ஜெட்டை மாற்றித்தரச் சொல். கழற்றிய ஜெட்டை ஒரு டப்பாவில் போட்டு, அடுப்பின் பெயரை எழுதிவை. என்றைக்காவது சிலிண்டருக்குத் திரும்பினால் அதுதான் வேண்டியிருக்கும். பெரிய துளையோடு சிலிண்டர் கேஸில் எரியவிட்டால் தீ மஞ்சளாகப் பெரிசாக எழும்பும்.

ஞாயிற்றுக்கிழமை துடைத்து மாட்டியதும் ராத்திரி அடுப்படி விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பர்னரையும் தனித்தனியாகப் பற்றவைத்து வீடியோ எடுத்து அனுப்பு. நாபில் எண்ணெய் விட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் ஆள் வந்து பார்த்தபிறகு பற்றவை. நீலத்துக்குள்ளே கூர்மையாக இன்னொரு சின்ன நீலம் தெரியவேண்டும். அது எல்லாத் துளையிலும் தெரிகிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா